கவுண்டருக்கு வராத நம்பர்

1. எப்போதும் ஐம்பத்தொன்று

நான் முப்பத்திரண்டு வருடம் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கணினிப் பிரிவில் வேலை பார்த்தவன். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். எங்கள் பிரிவு கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் ரோட்டில் இருந்தது. மெயின்ஃப்ரேம் என்கிற அந்தப் பெரிய கம்ப்யூட்டர் இருந்த ரூமின் கண்ணாடி வழியே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். மழைக்காலத்தில் மலை இருக்காது, மேகம்தான் இருக்கும். மாணவர் சேர்க்கையிலிருந்து பட்டம் வரைக்கும் எல்லா புரோகிராமும் கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நான் எழுதியவை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ரிடையர் ஆக நான்கு மாதம் இருக்கும்போது மெயின்ஃப்ரேமைக் கழற்றிவிட்டுப் புது சர்வருக்குப் போவது என்று முடிவானது. டேட்டாவை மாற்றிக் கொடுக்க ஒரு கம்பெனியிலிருந்து திவ்யா என்ற பெண் வந்தாள். சின்னசேலத்துக்காரி. வாய் ஜாஸ்தி, வேலை அதைவிட ஜாஸ்தி.

மூன்றாம் நாள் காலை ஒரு பிரிண்ட்அவுட்டோடு என் மேசைக்கு வந்தாள்.

"சார், இன்னா சார் இது? ஒரு பொண்ணு இருபத்தி மூணு வருசமா பரீட்சை எழுதிக்கினே இருக்கு. ஒரு வாட்டி கூட ஆப்சென்ட் இல்ல. எந்த பேப்பரா இருந்தாலும் அம்பத்தொண்ணு."

"வேற எவனாவது தப்பா ஏத்தியிருப்பான்மா."

"போன மாசம் கூட எழுதியிருக்கு சார்."

பேரைப் பார்த்தேன். அலமேலு. த/பெ சடையன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பேர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. பதிவு எண்ணைப் பார்த்ததும்தான் பகீரென்றது. அந்த நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம். புது புரோகிராம் எழுதினால் டெஸ்ட் செய்ய ஒரு ரெக்கார்டு வேண்டும். புதிதாகப் போலி ரெக்கார்டு உண்டாக்க நாலு ஃபாரம், இரண்டு கையெழுத்து. அந்தத் தொல்லை எதற்கென்று, பாதியில் நின்றுபோன மாணவர் ஒருவரின் நம்பரை எடுத்துக்கொள்வோம். ஆபீஸ் கவுண்டருக்கு வந்து சண்டை போட ஆள் இல்லாத நம்பர் என்று அதற்குப் பெயர். நான் எடுத்தது அலமேலுவின் நம்பர். வருகைக்கு P, மார்க்குக்கு 51. பாஸும் ஆகும், யார் கண்ணிலும் படாது.

ஆனால் நான் கடைசியாக டெஸ்ட் ஓட்டிப் பத்து வருடமாவது இருக்கும். அப்படியானால் போன மாதம் பரீட்சை எழுதியது யார்? புரோகிராமைத் தோண்டிப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சோம்பேறித்தனமாக அந்த டெஸ்ட்டை மாதக் கடைசியில் தானாக ஓடுகிற ஜாப்பிலேயே செருகிவிட்டு மறந்திருக்கிறேன். நான் டீ குடிக்கப் போனபோதும், லீவில் போனபோதும், அந்தப் பெண் மாதம் தவறாமல் வந்து உட்கார்ந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறாள்.

"டெஸ்ட் ரெக்கார்டும்மா, பயப்படாதே. இப்ப ஏத்திடு, பின்னால எடுத்துக்கலாம்" என்றேன். அங்கேதான் இரண்டாவது தப்பைச் செய்தேன்.

2. பெஞ்சில் ஒருவர்

பழைய புரோகிராமில் அந்த நம்பர் வந்தால் எதையும் அச்சடிக்காமல் தாண்டிப் போ என்று மூன்று வரி எழுதி வைத்திருந்தேன். எந்த டாக்குமென்டிலும் அது இல்லை, என் மண்டையில் மட்டும் இருந்தது. புது சிஸ்டத்துக்கு அது எப்படித் தெரியும்? எல்லா பேப்பரும் பாஸ், பட்டம் வாங்கவில்லை என்று பார்த்தது. அப்படிப்பட்ட எல்லோருக்கும் அனுப்புவதுபோல ஒரு கடிதம் அனுப்பிவிட்டது. முப்பது நாளுக்குள் மாணவர் நேரில் வந்து சான்றிதழைப் பெற்றுக்கொள்ளவும்.

இது எனக்குத் தெரியாது. ஒரு வியாழக்கிழமை திவ்யா வந்து சொன்னாள்.

"சார், கவுண்டர் பெஞ்சில ஒரு பெரியவரு மூணு நாளா குந்திக்கினு இருக்காரு. டோக்கன் வாங்க மாட்றாரு. யாரு உள்ள வந்தாலும் முகத்தையே பாக்கறாரு. எனக்கு ஒருமாதிரியா இருக்கு, நீங்க வந்து கேளுங்களேன்."

போனேன். மெலிந்த ஆள். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். மடியில் துணிப் பை, அதற்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் எங்கள் கடிதம்.

"இன்னா வேணுங்க?" என்றேன்.

"எம் பொண்ணு வரும் சார். அலமேலு. எந்த நேரத்துக்கு வரும்னு தெரியல. அதான் ஆபீஸ் தொறக்கறப்பவே வந்துடறேன்."

ரெக்கார்டில் இருந்த சடையன் இவர்தான். அவரே சொன்னார்.

"மூணாம் பரீட்சை அன்னிக்கிக் காலையில போன பொண்ணு சார். இருபத்தி மூணு வருசம். மழைன்னா மழை, அப்பிடி ஒரு மழை. போவாதடின்னு கத்துனேன். பஸ்சு போயிடிச்சி, நடந்தே எறங்கிச்சு. வூட்டுக்குத் திரும்பி வரல. ஓடை அடிச்சினு போயிடிச்சின்னு ஊருல எல்லாரும் சொன்னாங்க. பரீட்சைக்கு வந்துதான்னு யாரக் கேக்கறதுன்னும் எனக்குத் தெரியல. நானும் வருசா வருசம் அந்த ஓடையில சூடம் ஏத்திக்கினு இருக்கேன். இப்ப லெட்டர் வந்துகீது. எல்லாத்துலயும் பாஸு, நேர்ல வந்து வாங்கிக்கோன்னு வாத்தியாரு படிச்சிக் காட்னாரு. அப்ப எங்கியோ இருந்து எழுதிக்கினுதானே இருந்துகீது? இங்க வந்துதானே ஆவணும்?"

பையைத் திறந்து காட்டினார். உள்ளே மடிப்புக் கலையாத ஒரு புடவை இருந்தது. பழைய புடவைதான். நாப்தலின் உருண்டை வாசனை அடித்தது.

கதவு திறந்தது. யாரோ ஒரு பெண் உள்ளே வந்தாள். அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் திரும்பிப் பார்த்தேன்.

3. மூன்றாம் பேப்பர்

தேர்வுக் கண்ட்ரோலரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "பிரிண்டிங் மிஸ்டேக்னு சொல்லி அனுப்பிடுங்க. ரிடையர் ஆவற நேரத்துல உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார். நல்ல மனிதர்தான், என் நன்மைக்குத்தான் சொன்னார். நானும் அன்று பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன். வெட்கக்கேடு.

மறுநாள் காலை பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தப் பரீட்சை எல்லாம் உங்க பொண்ணு எழுதலீங்க. நான் போட்டது. மெசினை சோதிக்கறதுக்காக அந்த நம்பர்ல நான்தான் பாஸ் போட்டுக்கினே இருந்தேன்."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. இரண்டாம் முறை சொன்னேன்.

"நீங்களா? எம் பொண்ணு பேருலயா?"

"பேரைப் பாக்கலீங்க. நம்பரைத்தான் பாத்தேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கடிதத்தை மறுபடி கவருக்குள் வைத்தார். பிறகு கேட்டார்.

"அன்னிக்கி மூணாம் பரீட்சைக்கு வந்துதா இல்லியா? அது மட்டும் சொல்லு சார். மலைய விட்டு எறங்குச்சா இல்லியா?"

அவள் உண்மையாக எழுதிய பேப்பர்களின் மேலேயும் நான் என் P-யையும் 51-ஐயும் எழுதி அழித்திருந்தேன். அந்தக் காலத்தில் மார்க் ஷீட்டை மாணவரே வந்து வாங்க வேண்டும். வாங்காததை இரண்டு வருடத்தில் கிழித்துவிடுவார்கள். மிச்சம் இருந்தது பழைய ரெக்கார்டுகளை நகல் எடுத்து வைத்த பேக்கப் டேப் மட்டும்தான்.

டேப் டிரைவை அன்று சாயங்காலம் கழற்றுவதாக இருந்தது. நானும் திவ்யாவும் ஸ்டோர் ரூமில் இறங்கினோம். நான் டெஸ்ட் ஆரம்பித்ததற்கு முந்தைய செமஸ்டர் டேப் கிடைத்தது. முதல் தடவை மாட்டினேன், படிக்கவில்லை. டேப்பைப் படிக்கிற ஹெட்டைத் துடைத்து மாட்டினேன், பாதியில் நின்றது. சடையனைக் கண்ணாடிக்கு வெளியே நிற்க வைத்திருந்தோம். அவருக்குப் பின்னால் மழை மேகம் மலையை முழுக்க மூடியிருந்தது. மூன்றாம் தடவை டேப் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தது. லைன் பிரிண்டர் நான்கு வரி அடித்தது.

திவ்யா பேப்பரைக் கிழித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"மொத பேப்பர் வந்துருக்காங்க, அம்பத்தெட்டு. ரெண்டாவது வந்துருக்காங்க, நாப்பத்தொம்பது. மூணாவது…" நிறுத்தி என்னைப் பார்த்தாள். "மூணாவது வந்துருக்காங்க ஐயா. அறுபத்திரெண்டு மார்க். நாலாவதுக்குத்தான் வரல."

அவர் அந்தத் தாளை வாங்கி, மூன்றாம் வரி எது என்று கேட்டு, விரலை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

"அப்ப ஓடை எடுக்கல" என்றார். "எறங்கிட்டா. நனைஞ்சிக்கினே வந்து பரீட்சையும் எழுதிகீறா. நான் இத்தினி வருசமா தப்பான எடத்துலயே தேடிக்கினு இருந்துட்டேன்."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அதைப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

வெளியே வெள்ளிமலை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவரைத் தெரிந்தவர் போலிருக்கிறது, ஏறச் சொல்லிக் கூப்பிட்டார். சடையன் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். எதிர்ப்பக்கம், டவுனுக்குப் போகிற பஸ்சுக்காக நின்றார். அங்கிருந்து எந்த ஊர் பஸ் ஏறினார் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு கவுண்டருக்கு அவர் வரவில்லை.

டெஸ்ட்டுக்கு நிஜமான மாணவர் நம்பரைத் தொடாதீர்கள் என்று இப்போது எல்லா டிரெயினிங்கிலும் சொல்லித் தருகிறார்கள். நல்லது. நான் சொல்ல வேண்டியது வேறு. ஒரு நம்பர் பாதியில் நின்றுபோனால், ஏன் நின்றது என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். விலாசம் ரெக்கார்டிலேயே இருந்தது. அவள் நம்பரை எடுத்த அன்றைக்கே நான் ஒரு தபால் கார்டு போட்டிருந்தால், அடுத்த பஸ்சிலேயே அவர் எங்கள் கவுண்டருக்கு வந்து நின்றிருப்பார். மூன்றாம் பேப்பர் அழியாமல் இருந்தது. அவள் போய் அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.