முடிவை முதலில் கேட்பவர்

என் அலுவலக மேசையின் இழுப்பறையில் ஒரு நாவல் இருக்கிறது. சாலைக் கடைத்தெருவின் ஜவுளிக்கடை ஒன்று தந்த மாதக் காலண்டரின் தாளைக் கிழித்து, தேதிகள் உட்புறம் போகும்படி மடித்து, அதற்கு உறை போட்டவர் அடுத்த மேசை அக்கா. அண்மையில் நான் படித்தவற்றுள் மிகச் சிறந்த நாவல் அது. அதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத முடியும் என்றும் தோன்றவில்லை.

பட்டப்படிப்பு முடிந்த காலத்திலிருந்து, புனைபெயரில், இணையப் பக்கம் ஒன்றில் புத்தக மதிப்புரைகள் எழுதிவருகிறேன். இரண்டு வகைப் புத்தகங்களை மட்டுமே எடுத்துக்கொள்வேன். ஒன்று, பெண்ணைப் பெண் காதலிக்கும் நாவல்கள். மற்றொன்று, சட்டம், உடல், நோய், பணம் ஆகியவற்றைச் சாதாரண வாசகருக்குப் புரியும் மொழியில் சொல்லும் புத்தகங்கள். முதல் வகை, நீ தனியாக இல்லை என்று ஒருவருக்குச் சொல்லும். இரண்டாம் வகை, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லும். இவ்விரண்டும் கைக்கு எட்டினால் ஒரு மனிதர் எப்படியாவது சமாளித்துக்கொள்வார் என்று உண்மையாகவே நம்பியிருந்தேன். பிழைப்புக்கு, இந்த மலையாள நகரத்தின் கிழக்கேகோட்டைக்கு அருகே மருத்துவக் காப்பீட்டு முகவர் ஒருவரின் அலுவலகம். தமிழ் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. அவர்கள் தொலைபேசியில் அழைத்தால் பேசுவது அக்காவின் வேலை. “பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?” என்றுதான் அவருடைய ஒவ்வொரு அழைப்பும் தொடங்கும். மறுமுனை சற்றுத் தயங்கினால், “ஆத்துக்காரரா, அம்மாவா, சட்டுனு சொல்லுங்கோ, லைன்ல வேற ஆள் இருக்கா” என்று விரட்டுவார்.

அக்கா கரமனை அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர், நாற்பதைத் தாண்டியவர். என் புனைபெயரை ஒரு பகல் உணவு வேளையில் அவர் உடைத்தார். “‘கருத்தில் கொள்ளத்தக்கது’ன்னு எழுதறவ இந்த ஊர்ல நீ ஒருத்திதாண்டீ. கிளெய்ம் லெட்டர்லயும் அது, இங்கயும் அது. ரெண்டு பொண்கள் பிரியமா இருக்கறதச் சொல்றதுக்குப் போய் கோர்ட்டு நோட்டீஸ் பாஷையா?” வேறு யாராவது கேட்டார்களா என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “அது சாரமில்லை, போகட்டும். கடசில ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே இருக்கா?”

நாவலின் முடிவை வெளியிடுவது மதிப்புரைக்கு அழகல்ல என்று விளக்கினேன். “முடிவு தெரியாம நான் தொட மாட்டேனாக்கும். ஒருத்தி செத்துப் போறது, இல்லேன்னா கல்யாணம் பண்ணிண்டு போயிடறது, இதெல்லாம் எனக்கு வேண்டாம். டீச்சருக்கும் வேண்டாம்.”

டீச்சரை எனக்கு அறிமுகப்படுத்திய வாக்கியம் அதுதான். டீச்சர் மார்த்தாண்டத்துக்காரர், நகரத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பித்தார். கரமனையில் ஒரு மாடி வீட்டில் அவரும் அக்காவும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்தார்கள். வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளும் வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் என்று தெரு நினைத்துக்கொண்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றுமுதல், பொருந்தும் நாவல்களின் மதிப்புரையை எப்போதும் ஒரே வரியோடு முடிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்: இருவரும் உயிரோடு, ஒன்றாக இருக்கிறார்கள். சுவாரசியத்தைக் கெடுத்துவிட்டாய் என்று சில வாசகர்கள் கோபித்தார்கள். டீச்சரோ அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போய் முதலிலிருந்து படிப்பாராம். நான் கொடுத்தனுப்பும் புத்தகங்கள் காலண்டர் உறையோடு திரும்பிவரும். ஓரங்களில் பென்சிலால் அச்சுப்பிழைகள் திருத்தப்பட்டிருக்கும்; முத்தக் காட்சிகளுக்கு அருகே ‘மிகை’ என்று எழுதியிருக்கும். “அவள் மார்க்குப் போடாம விட்டது என்னை மட்டும்தான்” என்பார் அக்கா.

சென்ற மழைக்காலத்தில் டீச்சர் வகுப்பறையிலேயே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலப்பக்கமும் பேச்சும் போயின. மருத்துவமனைக்கு முதலில் ஓடியவர் அக்கா. பேஷண்டுக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று அங்கே கேட்டார்கள். கூட இருக்கேன் என்றார். மறுபடியும் கேட்டார்கள். ஃபிரண்ட் என்றார். சொந்தக்காரர் வரட்டும் என்று நாற்காலியைக் காட்டினார்கள். மாலைக்குள் மார்த்தாண்டத்திலிருந்து டீச்சரின் தம்பி வந்துசேர்ந்தார். அவர் கெட்டவர் அல்லர் என்பதைச் சொல்லியாக வேண்டும். “இத்தன நாளும் எங்க அக்காவுக்குத் தொணையா இருந்திய. ரொம்ப நன்றி. இனி நாங்க பாத்துக்கிடுவோம், நீங்க சங்கடப்படாண்டாம்” என்று கைகூப்பினார். டீச்சரின் துணிகளை அக்காவே மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் வேலைக்கு வந்ததும் என்னிடம் கேட்டார்: “சாதாரண ஜனங்களுக்கான சட்டப் புஸ்தகம்னு எழுதினியே, அதுல எங்களுக்கு ஏதாவது உண்டாடீ?” எவருக்கும் புரியும் நூல் என்று நான் பாராட்டிய புத்தகம் அது. மீண்டும் எடுத்து வரிவரியாகப் படித்தேன். இருவரும் சேர்ந்திருப்பது குற்றமல்ல என்பதுவரை அது தெளிவாகச் சொன்னது. உறவுக்காரர்கள் என்னும் அத்தியாயத்தில் கணவன், மனைவி, பெற்றோர், மக்கள், உடன்பிறந்தோர் என்று வரிசை நீண்டது. அக்காவை அதில் எங்கும் உட்காரவைக்க என்னால் முடியவில்லை. புத்தகம் நன்றாகப் புரிந்தது. அதற்கு மேல் நான் செய்யக்கூடியது எதுவும் அதில் இல்லை.

ஒருமுறை ஆரஞ்சுப் பழங்கள் வாங்கிக்கொண்டு அக்கா மார்த்தாண்டம் போய்வந்தார். வீட்டார் சூழ, டீச்சரைச் சக்கர நாற்காலியில் முன்னறைக்குத் தள்ளிவந்தார்களாம். காப்பி வந்தது. மழையைப் பற்றிப் பேசினார்களாம். தம்பியின் மனைவி அன்பாகவே விசாரித்திருக்கிறார்: “வாடகைக்கு வேற ஆளு கிடைச்சாச்சா?” டீச்சரின் போனுக்கு வரும் செய்திகளை அந்த வீட்டுப் பெண் ஒருத்திதான் உரக்கப் படித்துக்காட்டுகிறாள்; ஆகவே அக்காவால் எதையும் எழுதி அனுப்ப இயலாது. ஆனால் டீச்சரின் இடக்கைக் கட்டைவிரல் அசைகிறது. போனை மடியில் வைத்தால் தானே தள்ளித்தள்ளிப் பார்க்கிறார். “அந்தக் கடசி வரிய மட்டும் நிறுத்திடாதேடீ. பாத்தாள்னா அதத்தான் மொதல்ல பாப்பா.”

வேறு வழிகளை யோசிக்காமல் இல்லை. தம்பியிடம் உள்ளதைச் சொல்லலாம். மதிப்புரைக்குள் டீச்சருக்கு மட்டும் புரியும் ஒரு சொல்லை வைக்கலாம். ஒவ்வொன்றையும் அதன் விளைவுவரை தொடர்ந்து பார்த்தேன். டீச்சரைக் குளிப்பாட்டி ஊட்டிவிடுவது அந்த ஒரு வீடுதான். அங்கே எது உடைந்தாலும், பதில் பேச இயலாத டீச்சர்மீதே விழும். அக்காவுக்கு முன்னறைக் காப்பியும் இல்லாமல் போகும்.

இந்நிலையில்தான் அந்த நாவல் வந்தது. பாதி படித்து மேசைமேல் வைத்திருந்ததை அக்கா எடுத்துப்போனார். முதல்முறையாக முடிவைக் கேட்கவில்லை. உறை போட்டுத் திருப்பித் தந்தபோது, “நல்ல புஸ்தகம். ஒரு எடத்துலயும் பொய் இல்லை. ஆனா இத நீ எழுதாண்டாம், கேட்டியா?” என்றார். மீதியைப் படித்து முடித்தபோது காரணம் புரிந்தது: அதன் முடிவுக்கு என் வழக்கமான வரி பொருந்தாது.

இந்த வாரம் வேறொரு நாவலைப் பற்றி எழுதினேன். சுமாரான நாவல், அதன் குறைகளையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிட்டு, வழக்கமான வரியோடு முடித்தேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பக்கம் காட்டுகிறது. யார் என்று காட்டுவதில்லை. அடுத்த மேசையில் அக்காவும் போனில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். தொலைபேசி மணி அடித்தது. எடுத்து, “பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?” என்றார். காலண்டர் தாள் போர்த்திய நாவல் கிடந்த இழுப்பறையை நான் ஓசைப்படாமல் மூடினேன். மறுமுனையில் யாரோ தயங்குகிறார்கள் போலிருந்தது. அக்கா விரட்டவில்லை, ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தார்.