தூளிக்கு ஓர் ஆரியா

கிர்ர்ர் என்று ஒரு சத்தம். ஃபேன் இல்லை, மிக்சி இல்லை. பழைய கேம்கார்டர் தன் வயிற்றுக்குள் கேசட்டைச் சுற்றுகிற சத்தம். ஊரை எடுக்கிறேன் என்று கிளம்பி, எடுத்த படத்தில் எல்லாம் தன் மூச்சையும் சேர்த்துப் பதிந்து வைத்த கேமரா அது. அது செத்துப் பல காலம் ஆகிறது. ஆனாலும் லேப்டாப்புக்குள்ளிருந்து அந்தக் கிர்ர்ர் கிளம்பியதும் திருவொற்றியூர் வீட்டின் உப்புக் காற்று, சுவர் ஈரம், அண்ணியின் கை மஞ்சள், எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்து நின்றன. அவற்றையும் தள்ளிவிட்டு முன்னால் வந்தது என் அண்ணனின் குரல்.

"நவுருங்க! எல்லாம் நவுருங்க! லைட்ட மறைச்சிகினு நிக்காதிங்க!"

அண்ணன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பலின் வயிறு திறந்து கிடக்கும். அதன் விளிம்பில் நின்றுகொண்டு, சரக்குத் தூக்குகிற வின்ச்சை ஓட்டுகிறவருக்கு எப்போது தூக்கு, எப்போது இறக்கு என்று சொல்ல வேண்டும். அதுதான் வேலை. ஹாபீஸ் என்றால் தூக்கு. ஆரியா என்றால் இறக்கு. எந்தக் கடல் தாண்டி, யார் நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்த சொற்களோ, எங்கள் வீட்டில் அவை அடுப்படி வரைக்கும் வந்து குந்திக்கொண்டன. கிணற்றில் வாளிக்கு ஆரியா. பரணில் ஏற வேண்டிய அண்டாவுக்கு ஹாபீஸ். பிறந்த குழந்தையை முதல்முதலாகத் தூளியில் போடுகிற நாளில் எதிரே அண்ணன் நிற்பார். "ஆரியா... ஆரியா..." என்று அவர் குரல் இறங்க இறங்கத்தான் குழந்தையும் இறங்கும். வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு சடங்கு உண்டா, தெரியாது. எங்கள் வீட்டில் அது இல்லாமல் எந்தக் குழந்தையும் தூளியைப் பார்த்ததில்லை.

போன வருடம் அண்ணனுக்குத் தொண்டையில் ஆபரேஷன். ஆள் பிழைத்துக்கொண்டார், குரல் பிழைக்கவில்லை. இப்போது காற்றுதான் வரும். காதைக் கொண்டுபோய் வைத்தால் காற்றுக்குள் சொல் இருக்கும். தெருமுனையில் இருந்து கூப்பிட்டால் வீட்டில் உலைமூடி அதிரும் என்று அண்ணி சொல்லிச் சிரிக்கிற மனிதர், டீக்கடையில்கூட விரலைக் காட்டி டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிடுவார்.

அந்த நேரத்தில்தான் அவர் மகள் பெண் குழந்தை பெற்று எர்ணாவூரிலிருந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். தூளி போட நாள் பார்த்தாயிற்று. அண்ணன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: "நான் நிக்கமாட்டன். வேற யாராவது சொல்லட்டும்."

மகள் அவருக்கு மேல். "நைனா இல்லாம எம்பொண்ணு தூளில எறங்காது. என் மடியிலயே கெடக்கட்டும். கல்யாணம் ஆவுற வரைக்கும் மடிலயே கெடக்கட்டும், இன்னா இப்போ?"

இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு நிற்க, நடுவில் அண்ணி எனக்குப் போன் போட்டார். "தம்பி, அந்தப் பழைய கேசட்டெல்லாம் உங்கிட்டதான கீது? இவள தூளில போட்ட படம் அதுல கீதா பாரு. அதுல அவர் கொரலு இருக்கும்ல?"

இருந்தது. குரல் கிடைத்ததே போதும் என்று முழுசாக ஓட்டிப் பார்க்கவில்லை. கேசட்டை எல்லாம் வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் கொடுத்து எப்போதோ கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தேன். திட்டம் சுலபம். டிவியில் படம் ஓடும். டிவிக்குள்ளிருந்து அண்ணன் ஆரியா சொல்வார். குழந்தை இறங்கும். அண்ணனிடம் சொன்னபோது அவர் கையை உதறினார். இன்னா வேணா பண்ணிக்கோ என்று அர்த்தம்.

காலையிலேயே போய்விட்டேன். அண்ணன் வாசற்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கூடத்தில் அண்ணியின் பழைய புடவை தூளியாகத் தொங்கியது. டிவியோ சுவரில் உயரத்தில். நான் கொண்டுபோன கேபிள் குட்டை. லேப்டாப்பை நாற்காலியில் வைத்தால் எட்டவில்லை, ஸ்டூலில் வைத்தால் எட்டவில்லை. கடைசியில் அரிசி டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து அதன் தலையில் உட்கார வைத்தோம். மாப்பிள்ளை ரிமோட்டால் ஏதோ அமுக்கினார். டிவியில் குப்பென்று படம் வந்தது. இளம் அண்ணி, மெல்லிய கரை வைத்த புடவை, கையில் துணிமூட்டையாக ஒரு குழந்தை. அந்த மூட்டைதான் இப்போது தன் மூட்டையை ஏந்தி நிற்கிறாள்.

படம் வந்தது. சத்தம் வரவில்லை.

கிர்ர்ர் மட்டும் அரிசி டிரம்மின் மேலிருந்து, லேப்டாப்பின் கொசுத் தொண்டையில் முனகியது. அண்ணி ரிமோட்டைப் பிடுங்கி டிவியின் சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றினார். ஒன்றும் இல்லை.

"ஊமைப் படம் காட்டவா இம்மாம் வயரு இய்த்துகினு வந்தீங்க?"

சொல்லிவிட்டு அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார். வாசலில் அண்ணனின் முதுகு குலுங்கியது. ஐயோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் ஏறி இறங்குகிற சிரிப்பு.

மாப்பிள்ளை லேப்டாப்பின் மூலையில் ஸ்பீக்கர் படத்தைத் தேடிப் பிடித்து, சத்தம் டிவிக்குப் போகட்டும் என்று மாற்றினார். அண்ணி ஏற்றி வைத்த சத்தத்தை யாரும் இறக்கியிருக்கவில்லை.

"நவுருங்க! எல்லாம் நவுருங்க!"

நகர்ந்தோம். அத்தனை பேரும் சுவரோரம் போய் ஒட்டினோம். குழந்தை விழித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலில் தலையை நீட்டினார்: "இன்னாக்கா, அண்ணனுக்குத் தொண்ட சரியாய்ட்ச்சா?"

அண்ணன் எழுந்து உள்ளே வந்துவிட்டார். சுவரில் இருந்து தன்னையே பார்த்துக் கத்துகிற தன் குரலை, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, கேட்டார். முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தொலைந்த சைக்கிளை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போவதைப் பார்க்கிறவர் முகம் மாதிரி ஏதோ ஒன்று.

அண்ணன் எடுத்த படம் எப்போதும் இப்படித்தான். எல்லோருக்கும் நெற்றியோடு தலை போயிருக்கும். கேமராவுக்குப் பின்னால் இருப்பதால் அவர் எதிலும் இருக்க மாட்டார். ஆனால் குரல் இருக்கும், மைக்குக்குப் பக்கத்தில் நிற்பதால் எல்லோர் குரலையும் தின்றுவிட்டு. அப்புறம் அந்தக் கை. படத்தின் கீழ்மூலையில் சம்பந்தமே இல்லாமல் ஒரு இடதுகை வந்து வந்து போகும். கைய எடுத்து தொலை அண்ணே, படம் கெடுது என்று அந்தக் காலத்தில் எத்தனை பேர் கத்தியிருப்போம்.

"ஆரியா..." என்றது டிவி.

அண்ணன் மகள் குழந்தையை மெல்ல இறக்கினாள். டிவியில் அண்ணியும் இறக்கினார். இரண்டு குழந்தைகளும் இரண்டு காலத்தில் சேர்ந்து இறங்கின.

"ஆரியா... ஆரியா... மெதுவா..."

பாதி வழி.

"ஹாபீஸ்! ஹாபீஸ்! முடிச்சி அவுருது, தூக்கு!"

அண்ணன் மகள் குழந்தையை வெடுக்கென்று தூக்கிவிட்டாள். மாப்பிள்ளை பாய்ந்து புடவை முடிச்சைப் பிடித்தார். எங்கள் முடிச்சு கெட்டியாகத்தான் இருந்தது. அவிழ்ந்தது டிவியில். குழந்தை வீறிட்டது. நாங்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தோம். டிவியிலோ, முடிச்சைச் சரி பண்ண அண்ணன் கேமராவைத் தரையில் வைத்துவிட்டார், நிறுத்தாமலே. அதன்பிறகு தரைதான். கால்கள். ஒரு சொம்பு. கிர்ர்ர். எவ்வளவு காத்தும் இன்னொரு ஆரியா வரவே இல்லை.

"இப்ப இன்னா பண்றது சித்தப்பா?" அழுகிற குழந்தையோடு அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு அவள் முகத்தில் இருந்து போய்க்கொண்டிருந்தது.

"மொதல்லருந்து போடட்டுமா?" என்றார் மாப்பிள்ளை.

அண்ணன் என்னை விலக்கிக்கொண்டு போய்த் தூளிக்கு எதிரே நின்றார். இடதுகையை நீட்டினார். உள்ளங்கை கீழே பார்த்தது. விரல்கள் மெல்ல விரிந்து மூடின, விரிந்து மூடின, தண்ணீரைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி. படத்தைக் கெடுத்த அதே கை.

அண்ணன் மகள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தாள். விரல் அசைய அசைய இறக்கினாள். குழந்தை அழுகையை விட்டுவிட்டு என்னவோ யோசித்தது. புடவை கனம் வாங்கி இறுகியது. அண்ணன் விரல்களை மூடி முஷ்டியாக்கினார். நிறுத்து. இறங்கிவிட்டது.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அந்த டிவிய நிறுத்துங்க, காலையே காட்டிகினு கீது" என்றார்.

கேசரி சாப்பிடும்போது அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் காதுக்கு வாயைக் கொண்டுவந்தார்.

"வின்ச் போட்ற எரைச்சல்ல எவனுக்குடா என் கொரலு கேக்கும்? கைய பாத்துதான் எறக்குவான். நான் கத்துனதெல்லாம் சும்மா, எனக்கோசரம்."

"அப்ப இத்தினி நாளா ஏன்ணே மூஞ்ச தூக்கி வெச்சிகினு இருந்த?"

கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டார். "மறந்து பூட்ச்சிடா" என்றார். தோள் மறுபடியும் குலுங்கியது.

வெயில் சாய்ந்தபோது கேபிளைச் சுருட்டி லேப்டாப்போடு பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினேன். சந்து குறுகல். வண்டியைப் பின்னால் எடுக்க, அண்ணன் தெருவில் நின்று கையைக் காட்டினார்: வா, வா, இடப்பக்கம் ஒடி, நிறுத்து. மெயின் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு நின்றன. அந்த உறுமலில் எனக்கு எதுவும் கேட்காது என்று தெரிந்து, கிட்டே வந்து காதருகில் குனிந்தார்.

"அட்த்த தூளிக்கு அந்தப் பொட்டிய தூக்கிகினு வராத. எனக்குக் கை கீது."

"சரிண்ணே."

வண்டியை உதைத்தேன். தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆனா அந்த கேசட்ட அழிச்சிகிழிச்சி வெச்சிடாத, இன்னா?"