மாரண்டஹள்ளியில் முப்பத்தேழு பூட்டான்

ஜெராக்ஸ் கடைக்காரன் எந்த வகுப்பிலும் சேராமலேயே ஊர்ப் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் முழுவதையும் செய்கிறவன். பிள்ளை பெற்ற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைசி நாளில் எங்கள் வாசலில் வந்து நின்றவர்கள்தானே நீங்களும்.

இந்த வருடம் பக்கத்துத் தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு ப்ராஜெக்ட். பூட்டான், மாலத்தீவு இரண்டிலும் அறுபது வருடங்களில் மக்கள்தொகை எப்படி மாறியது என்று ஒரே தாளில் இரண்டு கோடு போட்டு ஒப்பிட வேண்டும். இரண்டு தாள் ஒரே மாதிரி இருந்தால் இரண்டுக்கும் முட்டை, அதைச் செய்த கடைப் பக்கம் இனி யாரும் போகக் கூடாது என்று சமூக அறிவியல் சார் வகுப்பில் சொல்லிவிட்டார். என் பிழைப்பில் பாதி அந்தப் பள்ளிதான்.

இறக்கம் ஆகாது

முதலில் வந்தவர் தக்காளி மண்டிக்காரர். கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். மாலத்தீவின் கோடு ஏறிக்கொண்டே போகிறது. பூட்டானின் கோடு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொஞ்சம் இறங்கி, பிறகு ஏறுகிறது. அந்த இறக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. உண்மைக் கணக்கு அதுதான் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்ல எனக்குத் தெம்பில்லை.

“இறங்குன கோட்டப் புள்ள கையில குடுத்தனுப்ப மனசு வரலைங்க. கொஞ்சம் நிமித்தி வுடுங்க.”

பச்சையும் ஊதாவும்

நிமிர்த்தியதை அப்படியே சேவ் செய்துவிட்டேன். மற்றவர்களுக்கும் அதிலிருந்தே அடித்தேன். இறக்கம் போனது எனக்கு நினைவே இல்லை. என் கவலையெல்லாம் தாள்கள் ஒன்றுபோல் இருக்கக் கூடாது என்பதுதான். ஒருவருக்குப் பச்சை, ஒருவருக்கு ஊதா, ஒருவருக்கு ஓரமெல்லாம் பூ. முப்பத்தேழு தாள் முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போனது. லேமினேஷன் மிஷினில் இருந்த என் மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“கலர மாத்துனா நாடு மாறிருமாங்க?”

போனவர்கள்

முப்பத்தெட்டாவது பிள்ளை சுதா. அவள் அம்மா முனியம்மா சாமந்தித் தோட்டத்தில் பூப் பறிப்பவர். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. சுதா கையாலேயே வரைந்துவிட்டாள். முனியம்மா வந்தது முன் அட்டைக்காக மட்டும். சுதாவின் பூட்டான் ஓரிடத்தில் இறங்கியிருந்தது, என் மேஜையிலிருந்த பூட்டான் இறங்கவில்லை. ஏன் என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தாள்களில் பாதிக்கு மேல் கொடுத்தாகிவிட்டது.

நேபாளி பேசும் குடும்பங்கள் ஏராளமாக அந்த நாட்டை விட்டு அகதிகளாகப் போக நேர்ந்தது, அதனால்தான் இறக்கம் என்றேன். என் தவறை மட்டும் சொல்லவில்லை, மீதித் தாள்களையும் திருத்தாமலே கொடுத்தனுப்பினேன். முனியம்மா சுதாவின் தாளில் கோடு இறங்கிய இடத்தில் விரலை வைத்தார்.

“அப்பிடிப் போனவங்க எந்தக் கோட்டுல வருவாங்கங்க?”

பத்துக்கு மூன்று

சார் திருத்திக் கொடுத்தார். முப்பத்தேழு பூட்டான் இறங்காமல் இருக்க, ஒன்று மட்டும் இறங்கினால் எதைத் தப்பு என்பார்? சுதாவின் தாளில் சிவப்பு வட்டம், பத்துக்கு மூன்று. முனியம்மா அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அவள் போட்டது தப்பா என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மனைவியைக் கடையில் விட்டுவிட்டு முனியம்மாவோடு பள்ளிக்கு நடந்தேன். பாதிப் பிழைப்பு போகப்போகிறது என்று தெரிந்துதான் போனேன். சுதாவுடையதுதான் சரி, மற்ற முப்பத்தேழும் என் கடைச் சரக்கு, தப்பு என்னுடையது என்றேன். சார் பழைய மார்க்கை அடித்துவிட்டுப் பத்து போட்டார். தாளை முனியம்மாவிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“உங்க கடைக்குப் போகாதீங்கன்னு இனி நான் சொல்லலைங்க. முப்பத்தேழு வூட்டுக்கும் போயி, நடந்தத நீங்களே சொல்லிருங்க.”

இதுவரை இருபத்தொன்பது வீடு ஏறி இறங்கிவிட்டேன். போனவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு வீட்டிலும் கேட்கவில்லை, மார்க் குறையுமா என்றுதான் கேட்டார்கள்.