தலையை ஆட்டினால் விமானம் இறங்காது

என் தம்பி வேல்சாமி விமானங்களை இறக்கும் உத்தியோகத்தில் இருந்தவன். ஓட்டுகிறவன் அல்ல. தென்காசியில் பலருக்கு இதை விளக்கியிருக்கிறேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். உயரத்தில் ஒரு கண்ணாடி அறை. அதில் உட்கார்ந்து, வரும் விமானியோடு ரேடியோவில் பேசி, இறங்கலாம் என்றோ பொறுங்கள் என்றோ சொல்வது அவன் வேலை. விமானி அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அப்போதுதான் சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். எங்கள் ஊரிலிருந்து இந்த வேலைக்குப் போனவன் அவன் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாரும் இருந்தால் திருத்திக்கொள்கிறேன்.

பரீட்சையில் முதலாவதாகத் தேறினான். ஒரு குறைதான். பெரியவர்கள் எது கேட்டாலும் தலையால்தான் பதில். எங்கள் வீட்டில் அப்பா முன்னால் வாய் திறப்பது மரியாதைக் குறைவு. மெதுவாகத் தலையை ஆட்டினால் சரி. வேகமாக ஆட்டினால் ரொம்பச் சரி. முடியாது என்பதற்கு மட்டும் அவனிடம் ஆட்டல் கிடையாது, தரையைப் பார்ப்பான்.

1958 சித்திரையில் வேலையில் சேர்ந்தான். ஆனியில் பெட்டியோடு வந்து நின்றான்.

நடந்தது இதுதான். ஒரு மூத்த விமானி ரேடியோவில் இறங்க அனுமதி கேட்டிருக்கிறார். அப்பாவின் குரலை உரித்து வைத்த மாதிரி கனத்த குரல். தம்பி எழுந்து நின்று, கைகட்டி, தலையை ஆட்டியிருக்கிறான். பதில் வராததால் விமானம் ஒரு வட்டம் அடித்தது. அவர் அதட்டிக் கேட்டார். இவன் இன்னும் வேகமாக ஆட்டினான். விமானம் இன்னொரு வட்டம் அடித்தது. மேலதிகாரி ஓடிவந்து மைக்கைப் பிடுங்கிப் பேசி விமானத்தை இறக்கினார்.

"உன் தலை அவருக்குத் தெரியுமாடா? ஊருக்குப் போய் வாயைத் திறக்கப் பழகிக்கொண்டு வா. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலை கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்பாவிடம் லீவு என்று மட்டும் சொன்னோம். அப்பாவுக்குப் பழ வியாபாரம். குற்றாலத்தில் சீசன் என்றால் ஐந்தருவியில் கடை போடுவார்.

எங்கள் வீடு ஒரு முடுக்குச் சந்துக்குள் இருந்தது. சுமையோடு வருகிற ஒருவருக்குத்தான் அதில் இடம். நடுவில் ஒரு வளைவு வேறு. அதனால் தலைச்சுமையோடு வருகிறவர்கள் முனையிலேயே நின்று வழி இருக்கிறதா என்று கேட்பார்கள். உள்ளேயிருந்து யாராவது பதில் சொல்லவேண்டும். அவனைப் பழக்க எனக்கு வேறென்ன வேண்டும்? மறுநாளே குடத்தோடு முனையில் நின்றேன்.

"ஏலே, தண்ணியோட வாறேன். வழி இருக்கா?"

சத்தமில்லை.

"தலையத்தானலே ஆட்டுத?"

சத்தமில்லை. ஆமாம் என்று ஆட்டுகிறான் என்று புரிந்தது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? நீ சொல்லாம நான் அசைய மாட்டேன் பாத்துக்க."

குடம் என் இடுப்பை ஒடித்த பிறகு, "வாக்கா" என்று ஒரு முனகல் வந்தது. சில நாளில் எனக்கு நன்றாகவே பதில் சொன்னான். ஆனால் அக்காவுக்குச் சொல்வது வேறு, அந்தக் குரலுக்குச் சொல்வது வேறு.

ஒரு சாயங்காலம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. நான் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். முனையில் அப்பா குரல்.

"ஏட்டி, பலாப்பழக் கூடை வருது. வழி இருக்கா?"

வளைவுக்கு இந்தப் பக்கம் பக்கத்து வீட்டு நல்லக்கண்ணு அண்ணாச்சியின் எருமை குறுக்கே நின்றது. சொல்ல வாயெடுத்தவள் மூடிக்கொண்டேன். வாசலில் தம்பி எழுந்து நின்றான். தலையை ஆட்ட வழியில்லை, தரையைப் பார்த்தான். அப்பாவின் செருப்புச் சத்தம் கிளம்பிவிட்டது.

"நில்லுங்க!"

சத்தம் நின்றது.

"எவம்லே அது?"

"நான்தான், வேல்சாமி. முடுக்குல எருமை நிக்குது. அங்கனயே நில்லுங்க. நான் சொன்ன பிறகு வாங்க."

நல்லக்கண்ணு அண்ணாச்சி வெளியே எட்டிப் பார்த்தார். "பெத்த அப்பனையே நிப்பாட்டிட்டான!"

தம்பி அதோடு விடவில்லை. "சொன்னதத் திருப்பிச் சொல்லுங்கப்பா."

கூடையோடு வந்து அறைவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் வளைவுக்கு அப்பாலிருந்து குரல்தான் வந்தது.

"எருமை நிக்குது. நான் இங்கனயே நிக்கேன். நீ சொன்ன பிறகு வாறேன்." பிறகு, "சீக்கிரம் சொல்லித் தொலைலே, கழுத்து ஒடியுது!"

எருமையை ஓட்டியதும் தம்பி "வாங்கப்பா" என்றான். அப்பா நனைந்துபோய் வந்து கூடையை இறக்கினார். அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவ்வளவு சத்தம் ஒனக்குள்ளதான் இருந்துச்சாலே?"

தம்பி தலையை ஆட்டினான்.

வேலைக்குத் திரும்பிப் போனான். அந்த விமானியின் குரல் மறுபடி வந்தபோதும் எழுந்துதான் நின்றானாம். ஆனால் வாயால் பதில் சொல்லியிருக்கிறான்.

அடுத்த வருஷம் தம்பியிடமிருந்து தபாலாபீஸ் போனுக்கு டிரங்கால் வந்தது. அப்பாவும் நானும் போனோம். அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ரிசீவரைக் காதில் வைத்தார். தம்பி பேசியது எனக்கும் கேட்டது.

"அப்பா, வேலை நிரந்தரமாயிட்டு. சந்தோஷந்தான?"

அப்பா தலையை ஆட்டினார். பிறகு ரொம்ப வேகமாக ஆட்டினார்.

"அப்பா, தலைய ஆட்டுதீங்களா? இங்கன தெரியாது. வாயால சொல்லுங்க."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "வேல்சாமிக்கு வேலை நிரந்தரமாயிட்டு!" என்று தபாலாபீஸ் முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொன்னார்.