கபீர் பாயின் மொட்டையும் ஒட்டாத பேட்சும்

கபீர் பாய் போய்விட்டார்.

இன்று காலை ஹார்ட் அட்டாக். ஆம்புலன்ஸ் மேடவாக்கம் சிக்னலைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் தம்பி போனில் சொன்னான்...

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். டீ குடிக்கப் போனால்கூட நாலு பேரை இழுத்துக்கொண்டு போகிற மனுஷன், இதற்கு மட்டும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினால் எப்படி?

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. இரண்டாயிரங்களின் கடைசியில், தாம்பரத்தில் ஒரு சின்ன மெடிக்கல் டிவைஸ் கம்பெனியில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து சீட். அவர் டிசைன், நான் டெஸ்டிங்.

ஒரு வெளிநாட்டு கம்பெனிக்காகத் தலையில் ஒட்டுகிற எலக்ட்ரோடு பேட்ச் செய்துகொண்டிருந்தோம். மூளையில் கேன்சர் கட்டி வந்தவர்களுக்கு. மொட்டை அடித்த தலையில் பேட்சை ஒட்டி, அதன் வழியாக மின்புலம் செலுத்தி, கட்டி வளர்வதைத் தடுக்கப் பார்க்கிற சிகிச்சை. அப்போது அது ட்ரையலில்தான் இருந்தது.

பேட்ச் ஏறக்குறைய நாள் முழுக்கத் தலையிலேயே இருக்க வேண்டும். அரித்தாலோ புண்ணானாலோ பேஷன்ட் பிய்த்துப் போட்டுவிடுவார். அப்புறம் சிகிச்சை எங்கே?

"மிஷினை யாரு வேணா பண்ணிடுவான் மச்சான். தோலு ஒத்துக்கணும். அங்கதான் மேட்டரே கீது" என்பார் பாய்.

ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, கரண்ட் இல்லாத டம்மி பேட்சை எங்கள் ஆட்களே ஒட்டிக்கொண்டோம். இஷ்டப்பட்டவர்கள் மொட்டை போட்டோம். நான், ஸ்டோர்ஸ் தேவராஜ், இன்னும் சிலர். கம்பெனி வேனிலிருந்து இறங்கினால் திருப்பதி டூர் முடிந்து வந்த மாதிரி இருக்கும். தங்கச்சி நிக்காஹ் வருகிறது என்று அந்த ரவுண்டில் பாய் மட்டும் எஸ்கேப்.

ரிசல்ட் பிரமாதம். உரித்துப் பார்த்தால் ஒருவர் தலையிலும் சிவப்பே இல்லை!

பேட்சுக்கு அடியில் தோலைத் தொடுகிற ஜெல் மட்டும் மஞ்சளாகியிருந்தது. ஜெல் கெட்டுப்போச்சு என்று பர்ச்சேஸ்காரர்கள் சப்ளையரிடம் சண்டைக்கே போய்விட்டார்கள்.

பாய் ஒரு பேட்சை எடுத்து மோந்து பார்த்தார். "இன்னா தேவா, பேட்சுல கோயில் வாசனை வருது?"

தேவராஜ் மண்டையைத் தடவிக்கொண்டே சொன்னார். "சந்தனம் சார்... மொட்டை போட்டுகினு போனா வூட்ல சந்தனம் பூசாம வுடுவாங்களா? தல குளுகுளுன்னு கீது."

ஒவ்வொருவராக விசாரித்தால் எல்லார் வீட்டிலும் பூசியிருக்கிறார்கள். என் வீட்டிலும்தான். துடைத்துவிட்டுத்தான் ஒட்டினோம், இருந்தும் முடிக்கால்களில் தங்கிவிட்டிருக்கிறது.

பாய் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சந்தனத்து மேல சரியா ஒட்டவே இல்ல, அப்புறம் எப்படிடா சிவக்கும்!"

மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. சாம்பிள் அனுப்ப வேண்டிய தேதி நெருங்கிவிட்டது, லேட்டானால் ஆர்டர் கைமாறிவிடும். "ரிசல்ட் நல்லாத்தானே வந்திருக்கு கபீர்... அனுப்பிடுங்களேன்" என்றார்.

"சார், தோல்ல சரியா ஒட்டலேன்னா உள்ள எதுவும் போகாது. அந்த பேஷன்ட் மொட்டை அடிச்சுக்கிட்டு, நாள்பூரா இதைச் சுமந்துக்கிட்டு, வேலை செய்யுதுன்னு நம்பிக்கிட்டு இருப்பார். நான் அனுப்ப மாட்டேன்."

வெளிநாட்டுக்கு அவரே மெயில் போட்டார். நடந்ததை நடந்தபடி எழுதினார். சந்தனம் ஏன் பூசுவோம் என்று விளக்குவதற்குத் தனியாக ஒரு பாரா! கொஞ்சம் டைம் கொடுத்தார்கள்.

சந்தனம் படாத தலை வேண்டுமே... அன்று சாயங்காலமே பாய் மொட்டை. நல்ல சித்திரை வெயில். அந்த வாரம்தான் தங்கச்சி நிக்காஹ்.

கீழ்க்கட்டளை மண்டபத்தில், தொப்பிக்கு அடியில் பேட்சோடு நின்று பிரியாணி பரிமாறினார். "உம்ரா போய்ட்டு வந்தீங்களா தம்பி?" என்று பெரியவர்கள் ஆளாளுக்குக் கேட்டார்கள்; மெக்கா யாத்திரை முடித்தவர்கள் மொட்டை போடுவது வழக்கம். "இல்ல மாமா, ஆபீஸ் வேலை." கேட்டவர்கள் முகத்தைப் பார்க்கணுமே!

அவர் உம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, மொட்டை போட்டாத்தான் சம்பளம்னு சொல்லிட்டாங்களா?"

மறுநாள் உரித்தோம். டேப் இருந்த இடமெல்லாம் சிவப்பு, வேர்க்குரு, ஓரத்தில் தோல் வழன்றிருந்தது. நான் ஆயின்மென்ட் தேடி ஓடினேன். பாய்க்கோ ஒரே குஷி.

"இதான்டா ரிசல்ட்! எங்கெங்க வேர்த்துச்சுன்னு தெளிவா கீது பாரு. போட்டோ எடு, போட்டோ எடு!"

அந்த போட்டோக்களை வைத்து டிசைனை மாற்றினார். ஒரே அகலமான டேப்பாக இருந்ததை, ஒவ்வொரு எலக்ட்ரோடு டிஸ்க்கைச் சுற்றியும் சின்னத் துண்டுகளாக்கி, நடுவில் வேர்வை காய இடம் விட்டார். அடுத்த ரவுண்டுக்கு முன்னால் எங்கள் எல்லார் வீட்டுக்கும் அவரே போன். "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சந்தனம் மட்டும் வேணாம்கா."

இந்தத் தடவை நன்றாகவே ஒட்டியது. உரித்தபோது லேசான தடம், மதியத்துக்குள் அதுவும் போய்விட்டது. சாம்பிள் பாஸ்.

சில மாதம் கழித்து அந்த வெளிநாட்டு கம்பெனியிலிருந்து ஒரு மெயில். எங்கள் பேட்ச் ஒட்டியிருக்கும் ஒரு பெண்மணி, தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாராம். ஆபீஸே கைதட்டியது. நான் அழுதேவிட்டேன், இதில் என்ன வெட்கம்.

ஸ்வீட் டப்பாவோடு பாய் என் சீட்டுக்கு வந்தார். "சூப்பர் மச்சான்... அரிக்குதான்னு கேட்டியா?"

கேட்டு எழுதினேன். கொஞ்சம் அரிக்கிறது, காதுக்குப் பின்னால், என்று பதில் வந்தது.

டப்பாவை என் கையில் திணித்துவிட்டு, டிராயிங்கைத் திறந்து, காதுக்குப் பின்னால் வருகிற அந்த மூலையை வளைக்க உட்கார்ந்துவிட்டார்.

இன்று சாயங்காலம், அஸர் தொழுகைக்கு அப்புறம் கீழ்க்கட்டளையில் அடக்கம். நான் கிளம்பிவிட்டேன்.

போய்ட்டு வாங்க பாய்...