ஸ்டோரை விடச் சின்ன சொல்

ஆறாம் வகுப்பில் கையெழுத்துப் போட்டிக்கு இரண்டாம் பரிசாக எனக்கு ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதி கிடைத்தது. முதல் பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பாத்திரக்கடைக்காரர் மகளுக்கு டிபன் பாக்ஸ் எதற்கு, எனக்கு வருத்தமே இல்லை என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்றிலிருந்து வீட்டில் ஆங்கிலம் சம்பந்தமான வழக்குகளெல்லாம் என்னிடம் வந்தன. மாத்திரை அட்டை, மிக்ஸி வாரண்டி, செல்போனில் வரும் குறுஞ்செய்தி எல்லாவற்றுக்கும் நானே தீர்ப்பு சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வழக்கம் மட்டும் எனக்குக் கிடையாது.

அப்போது பெரியப்பாவும் அப்பாவும் சங்கரன்கோவில் ரத வீதியில் சேர்ந்து கடை நடத்தினார்கள். 'பிரதர்ஸ் மெட்டல் ஸ்டோர்'. பெரியப்பா முன்னால் கல்லாவில் இருப்பார். அப்பா பின்பக்கம், பெயர் வெட்டும் மிஷினோடு. எங்கள் பக்கத்தில் சீர்ப்பாத்திரம் என்றால் குடம் முதல் கரண்டி வரை பெண்ணின் பெயர் வெட்டியிருக்க வேண்டும். கரிவலம்வந்தநல்லூரிலும் பனவடலிசத்திரத்திலும் எத்தனையோ வீட்டு அடுக்களைகளில் என் அப்பாவின் எழுத்து இன்றும் புளி போட்டுத் துலக்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

பெரியப்பாவின் மகன்களான அண்ணன்மார் படிப்பை முடித்துக் கடைக்கு வந்ததும் இடம் போதவில்லை. பெரியப்பாவே திருவேங்கடம் ரோட்டில் ஒரு கடையைப் பார்த்து, பெயர் வெட்டும் மிஷினையும் கொடுத்து, அப்பாவைத் தனியாக இருக்கச் சொன்னார். சண்டை எதுவும் இல்லை. ஆனால் ஒரே ஊரில் ஒரே வியாபாரம். சண்டை எப்போது வரும் என்று ஊரில் நாலு பேர் ஆசையோடு காத்திருந்தார்கள். அண்ணனுக்கு எதிராகக் கடை விரித்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பது ஒன்றே அப்பாவின் கவலை. ராத்திரி சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை அவருக்கு.

அப்பாவின் பெயர் போர்டில் வரும் என்பது முடிவாகிவிட்டது. அதற்குப் பின்னால் என்ன போடுவது என்பதுதான் கேள்வி. புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்யும் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இதற்கென்றே பஸ் ஏறி வந்தார்.

"அத்தான், போர்டுல போடுத பேருதான் கடைக்கு மதிப்பு. நல்லா பெரிய வார்த்தையாப் போடுங்க," என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "ஏட்டி, கடைக்கு இங்கிலீசுல என்னென்ன வார்த்தை இருக்கு? எதுக்கு என்ன வித்தியாசம்னு பாத்துச் சொல்லு."

வாழ்க்கையில் முதல்முறையாக அந்த அகராதியை உண்மையாகவே திறந்து பார்த்தேன். ஸ்டால் என்றால் முன்பக்கம் திறந்த சிறு கடை. ஷாப் அதைவிடக் கொஞ்சம் பெரிது; அங்கே பொருளை விற்கவும் செய்யலாம், உட்கார்ந்து வேலை பார்க்கவும் செய்யலாம். ஸ்டோர் என்றால் சரக்கு சேர்த்துவைத்து விற்கும் பெரிய கடை. மார்ட் என்றால் சந்தை மாதிரி. எம்போரியம் என்றால் பலவகைப் பொருள்கள் விற்கும் மிகப் பெரிய கடை. அகராதி இப்படிச் சொன்னாலும் எங்கள் ஊர் வேறு கணக்கு வைத்திருந்தது. சென்டர் என்றால் ஜெராக்ஸ். ஏஜென்சி என்றால் நாற்காலி இருக்கும், சரக்கு கண்ணில் படாது. என்டர்பிரைசஸ் என்றால் அங்கே என்ன விற்கிறார்கள் என்று முதலாளிக்கே தெரியாது. ஷாப் என்ற சொல்லை இரண்டே இரண்டு இடங்களில்தான் நான் பார்த்திருந்தேன். ஒன்று மட்டன், இன்னொன்று ஒயின்.

நான் அகராதிப்படி வரிசையாகச் சொல்லி முடித்ததும் அப்பா கேட்டார். "இதுல ஸ்டோரை விடச் சின்னது எதெல்லாம்?"

"ஷாப்பும் ஸ்டாலும்ப்பா."

"அப்ப மெட்டல் ஷாப்புன்னு எழுது."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக்கு வகுப்பில் ஒயின் ஷாப் மகளா என்று கேட்பார்களே! அப்பா ஒரு துண்டுத் தாளில் என் கையாலேயே எழுத வைத்து, போர்டு அடிக்கும் கடையில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். போகிற வழியில் பூக்கடை ஓரமாக நின்று, ஷாப்பை அடித்துவிட்டு எம்போரியம் என்று எழுதினேன். இரண்டாம் பரிசு வாங்கிய கையெழுத்து. போர்டு கடைக்காரருக்குச் சந்தேகமே வரவில்லை.

திறப்புவிழாவன்று காலையில்தான் போர்டு வந்தது. ஆட்கள் அதை மாட்டிவிட்டுப் போன பிறகு அப்பா வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தார். மஞ்சளில் சிவப்பு எழுத்து, தெருமுனையிலிருந்தே தெரியும். அவர் முகம் செத்துப்போனது.

"ஏன்ட்டி மாத்துன?"

"ஷாப்னா சின்னதுப்பா."

"அதனாலதானட்டி எழுதச் சொன்னேன்."

திட்டியிருந்தால் தேவலை. அவர் உள்ளே போய் ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, போர்டைக் கழற்ற ஏறினார். பாதி ஏணியில் இருக்கும்போது பெரியப்பா வெள்ளை வேட்டியும் தாம்பாளமுமாக வந்து நின்றார். பின்னால் பெரியம்மா, அண்ணன்மார், அந்த நாலு பேரும்கூட. அப்பா இறங்கி, ஏணியைப் பிடித்தபடியே நின்றார்.

பெரியப்பா போர்டை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, நீதான் இங்கிலீசு படிச்சவ. எம்போரியம்னா என்ன? ஸ்டோரை விடப் பெரிசா, சின்னதா?"

அப்பாவைப் பார்த்தேன். யார் முகத்தையும் பார்க்காமல் ஏணிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். அகராதி எல்லாம் மறந்துபோயிற்று.

"சின்னது பெரியப்பா. ரொம்பச் சின்னது."

"சின்னதுக்கு எதுக்குட்டி இம்புட்டு நீளம்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பெரியப்பா அவரைப் பார்த்து, "சின்னதுதானாம்லா. ஏணிய எடுத்து உள்ள வைலே," என்றார்.

முதல் போணி அவர்தான். ஒரு பித்தளைச் சொம்பை எடுத்துக் கொடுத்து, போர்டில் இருப்பதை அப்படியே வெட்டச் சொன்னார். ஊரார் பெயரையெல்லாம் வெட்டிய அப்பா, தன் பெயரை அன்றுதான் முதன்முதலாக வெட்டினார். பெரியப்பாவை நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்ற பெருமையில் நான் இரண்டு லட்டு அதிகமாகத் தின்றேன். அகராதி தெரியாதவர், பாவம், என்றுகூட நினைத்தேன்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு மத்தியானம் பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் பெரியப்பா கடையில் உட்கார்ந்திருந்தேன். ரத வீதிக் கடையின் போர்டில் இன்னும் பிரதர்ஸ்தான். கல்லாவுக்கு மேலே கம்பியில் பழைய பில்கள் குத்தியிருந்தன. சும்மா புரட்டினேன். மதுரை மொத்தக் கடையின் பில்கள். ஒவ்வொன்றின் தலையிலும் கொட்டை எழுத்தில் எம்போரியம்.

"பெரியப்பா, இந்தக் கடை பெரிசா?"

"நாலு மாடி. கல்லாவுல உக்காந்த நாள்லருந்து அங்கனதான சரக்கு எடுக்கேன்."

எனக்குக் காது சூடானது. "தெரிஞ்சுக்கிட்டேதான் அன்னைக்கு என்கிட்ட கேட்டீங்களா?"

அவர் மேசையிலிருந்த பித்தளைச் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அப்பாவின் பெயர் தேயாமல் இருந்தது.

"போர்டு இருக்கட்டும்லேன்னு நான் சொன்னா உங்கப்பன் கேப்பானா? கழட்டத்தான செய்வான். அவன் மூஞ்சியப் பாத்துட்டு நீ சின்னதுன்னுதான் சொல்லுவன்னு தெரியும்," என்றார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். "எத்தன வருசமா பின்பக்கத்துலயே உக்காந்து அடுத்தவன் பேர வெட்டிக்கிட்டு இருந்தான். அவன் பேரு முன்னால பெரிசா நிக்கட்டுமேன்னு இருந்துச்சுட்டி."