கரண்ட் போனாலும் விழிக்காத பாப்பாவோடு பெங்களூருக்கு

குமாரபாளையத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறி. அந்தச் சத்தத்தில்தான் குழந்தைகள் தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றால் அத்தனை தொட்டிலிலிருந்தும் வீலென்று அழுகை கிளம்பும். 2008இல் கரண்ட் போவதற்குப் பஞ்சமா என்ன! என் தம்பி செந்திலின் இரண்டரை மாதப் பெண் மட்டும் கண்ணே திறக்க மாட்டாள். “என்ன சமத்து!” என்று பீற்றிக்கொண்டோம். ஒருநாள் அவன் மனைவி கவிதா, “அண்ணி, இவளுக்குத் தறி நின்னதே தெரியலைங்களோ?” என்றாள்.

பெயர் வைக்கும் விசேஷத்தைத் தள்ளிப்போட்டோம். எங்கள் வழக்கப்படி அத்தைதான் குழந்தையின் வலது காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். அத்தை நான். கேட்குமா என்றே தெரியாத காதில் எப்படிச் சொல்வது?

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு, செந்தில், கவிதா, நான் மூவரும் பாப்பாவோடு பைபாஸில் பெங்களூர் பஸ் ஏறினோம். சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர். ஓசூர் வரை ஒரு குறையுமில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் மேம்பாலம் கட்டுகிறேன் என்று சாலையைக் குதறிப் போட்டிருந்தார்கள். அங்கேயே ஒரு மணி நேரம் போயிற்று. மடிவாளாவில் இறங்கி விவேக் நகருக்கு ஆட்டோ பிடித்தோம், நாற்பது ரூபாய்.

ஓட்டுநர் வழியெல்லாம் ஹார்ன் அடித்தார். திரும்பிப் பார்த்து, “எவ்ளோ நல்ல பாப்பாம்மா, இந்த கலாட்டாலயும் எழுந்திரிக்கலியே!” என்றார். கவிதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

நாங்கள் போனது செவித்திறன் பரிசோதிக்கும் சின்ன மையம். பரிசோதகர் ஸ்டெல்லா, விவேக் நகரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். “ஸ்வல்ப, கொஞ்சம் இருங்க, பால் குடிச்சிட்டு நல்லா தூங்கட்டும். தூக்கத்துலதான் டெஸ்ட்,” என்றார். காத்திருந்த நேரத்தில் ஒரு படத்தைக் காட்டி விளக்கினார். நான் வாயைப் பிளந்தது அப்போதுதான்.

உள்காதில் நத்தை ஓடு போன்ற ஒரு சுருள். அதற்குள் வரிசை வரிசையாக மயிர்ச்செல்கள், ஒரு காதுக்குச் சுமார் பதினைந்தாயிரம். ஒவ்வொன்றின் தலையிலும் குட்டையிலிருந்து நெட்டை வரை படிக்கட்டாக நிற்கும் நுண்மயிர்கள். குட்டை மயிரின் நுனியை அடுத்த நெட்டை மயிரோடு ஓர் இழை கட்டியிருக்கிறது. ஒலி வந்தால் உள்ளிருக்கும் திரவம் அலையும், மயிர்கள் நெட்டைப் பக்கம் சாயும், இழை விறைக்கும்.

இழை என்றதும் தறி ஓட்டுகிற செந்தில் நிமிர்ந்தான். “இழை இழுத்தா என்னங்க ஆகும்?”

“ஒரு கதவு தொறக்கும் சார். வெளிய இருக்கற பொட்டாசியம் உள்ள பாயும். அதான் கரண்ட். அது நரம்புக்குத் தகவல் குடுக்கும், மூளைக்குப் போகும்.”

“இழை தளர்ந்தா?”

“மூடிக்கும். ஒரு செகண்டுல ஆயிரக்கணக்கான தடவ.”

மிக மெல்லிய ஒலிக்கு அந்த மயிர் அசைவது ஓர் அணுவின் அகலம்தானாம். அம்மாடி! ஊரில் மணிக்கணக்காகப் போகிற கரண்ட், காதுக்குள் இப்படி வந்து போகிறது.

பாப்பாவின் இடது காதில் குட்டிக் குழாயைச் செருகி டிக் டிக்கென்று ஒலி அனுப்பினார். திரையில் கோடுகள் எழுந்தன. நல்ல காதாக இருந்தால் மயிர்ச்செல்கள் துடித்து, தானே ஒரு மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புமாம். பெயர்கூட இல்லாத எங்கள் பாப்பா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வலது காதில் கோடு எழவில்லை. தலையில் வயர் ஒட்டி இன்னொரு சோதனையும் செய்தார்கள். அதிலும் இல்லை.

“மயிர்ச்செல் போனா மறுபடி முளைக்காது மேடம். ஆனா இடது காது ஃபர்ஸ்ட் கிளாஸ். பேச்செல்லாம் வந்துரும், செக்கப்ப மட்டும் விட்டுராதீங்க. எந்தப் பக்கமா தூங்குவா?”

“இடது பக்கம்ங்க,” என்றாள் கவிதா. சொன்னதும் அவளுக்கே புரிந்துவிட்டது. பாப்பா கேட்கிற காதைத் தொட்டில் சேலைக்குள் புதைத்துக்கொண்டல்லவா தூங்கியிருக்கிறாள்!

தெருச் சத்தம் துளியும் எட்டாத அறை அது. நல்ல நேரம் பார்க்க எனக்குப் பொறுமையில்லை. வழக்கம் வலது காது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். குனிந்து இடது காதில் சொன்னேன், “தேன்மொழி, தேன்மொழி, தேன்மொழி.” செந்தில் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதான்.

இதே காரியமாகப் போகிறவர்களுக்கு: முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். குழந்தையைப் பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள், அங்கே போய்த் தூங்கட்டும். தட்டைத் தட்டிப் பார்த்து நீங்களாக முடிவு கட்டாதீர்கள். தறிச் சத்தமே நாளடைவில் மயிர்ச்செல்களை அழித்துவிடும் என்று ஸ்டெல்லா எச்சரித்தார். ஊர் திரும்பியதும் செந்தில் தொட்டிலைத் தறிக்கூடத்திலிருந்து பின்கட்டுக்கு மாற்றினான்.

மறுநாள் கவிதா அவளை இடது காது மேலே இருக்கும்படி படுக்கவைத்தாள். பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. தெருவிலேயே முதலில் வீறிட்டவள் எங்கள் தேன்மொழிதான். தூக்க ஓடிய என் கையைக் கவிதா பிடித்துக்கொண்டாள்.

“இருங்கண்ணி, இன்னுங் கொஞ்சம் அழுகட்டும்.”